வீடியோ கேமில் பதிந்த குரல்

அமீர்பேட்டையில் இறங்கி மாதாப்பூர் போகும் மெட்ரோவில் மாறி ஏறினேன். பக்கத்தில் நின்ற பெண் தன் தோழியிடம் தமிழில் பேசிக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் இப்பல்லாம் வீடியோ கேம்லதான் என்னைத் திட்டுறார்."

"புரியலையேக்கா," என்றாள் வயதில் சின்னவளான தோழி.

"தொண்டை ஆபரேஷன்ல அவருக்குக் குரல் போயிடுச்சுல்ல. கையும் நடுங்குது, போன்ல டைப் பண்ண வரல. பழைய கேம் மெஷின் ஒண்ணு வெச்சிருந்தார், கையில பிடிச்சு விளையாடுறது. அதுல பட்டன் பெரிசு. அதுல கம்ப்யூட்டர்ல போடற லினக்ஸ் சிஸ்டத்தைப் போட்டு, ஒரு விரலால தட்டித் தட்டி ஒரு மாசமா புரோகிராம் எழுதினார். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு வாக்கியம்."

"பேசறது யார் குரல்?"

"என் குரல்தான். அவர் பேப்பர்ல கோணல்மாணலா எழுதிக் காட்டுவார், நான் பேசிப் பதிவேன். தண்ணி வேணும், ஃபேனைக் குறை, குழம்புல உப்பு ஜாஸ்தி. என் குரலாலேயே என்னைத் திட்டுறார்."

இருவரும் சிரித்தார்கள்.

"கடைசியா எழுதினது, 'நான் நல்லாத்தான் இருக்கேன், நீ ஆபீஸ் போயிட்டு வா'. சொல்லும்போது பாதியில அழுதுட்டேன். திரும்பப் பதியலாம்னேன். அதுவே இருக்கட்டும்னு கை காட்டிட்டார்."

"லீவு முடிஞ்சு இன்னிக்குத்தானே முதல் நாள். கிளம்பறப்ப அதை அமுக்கினாரா?"

"செருப்பு போடறப்ப ஒரு தடவை அமுக்கினார். நான் நகரலை. மறுபடியும் அமுக்கினார். அப்புறம்தான் லிஃப்ட் பக்கம் வந்தேன்."