கவனிக்கவும், கருவி இணைக்கப்படவில்லை

டொய்ங் என்று லேப்டாப் ஒரு சத்தம் போட்டது. என் மனைவி குளியலறையிலிருந்து ஈரத்தலையோடு ஓடிவந்து, அம்மாவின் பேச்சு மறுபடியும் நின்றுவிட்டது என்றாள். நான் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து பார்ப்பதாகச் சொன்னேன். டிரைவர் கோளாறில் அவசரப்பட்டால் ஒன்றும் நடக்காது மேடம். அது பொறுமைசாலியின் வேலை.

நீங்கள் கேட்டதால் முதலிலிருந்தே சொல்கிறேன். எனக்குக் கணினி பழுது பார்க்கும் கடை இருக்கிறது. பிரிண்டர் தெரியவில்லை, ஸ்கேனர் செத்துவிட்டது என்று மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருடைய பொருளில் ஒரு குறையும் இருக்காது. விண்டோஸுக்கும் அந்தப் பொருளுக்கும் நடுவில் நின்று தூது போகிற டிரைவர் என்கிற நிரல் முரண்டு பிடித்திருக்கும். அதை எடுத்துவிட்டு மறுபடி போட்டால் தீர்ந்தது. வந்தவர்கள் என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் போவார்கள். வீட்டில்தான் அந்த மரியாதை கிடைக்கவில்லை.

அத்தை, அதாவது என் மாமியார், பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வாய் திறந்தால்தான் வண்டி கிளம்பும் என்ற காலம் ஒன்று இருந்தது. பக்கவாதம் வந்ததும் பேச்சும் கைகால்களும் போய்விட்டன. கண்ணும் மூளையும் மட்டும் பழைய வேகத்திலேயே ஓடின. என் மனைவி எங்கெங்கோ விசாரித்து ஒரு கேமரா வாங்கினாள். பார்க்க அடிஸ்கேல் மாதிரி இருக்கும். லேப்டாப் திரைக்குக் கீழே ஒட்டி யு.எஸ்.பி. ஒயரைச் செருகினால், அத்தை திரையில் எந்த எழுத்தைப் பார்க்கிறாரோ அது வாக்கியத்தில் சேரும். வாக்கியம் முடிந்ததும் லேப்டாப் அதை உரக்கப் படிக்கும். அதைப் பொருத்திக் கொடுத்தவன் நான்தான். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பேச்சு திரும்பியதும் அத்தை முதலில் என்ன கேட்பார் என்று மனைவி கண்ணீரோடு காத்திருந்தாள். தண்ணீர் கேட்பார் என்று நான் நினைத்தேன். லேப்டாப் சொன்னது: "கவனிக்கவும். மாப்பிள்ளை நேற்றைய சட்டையிலேயே இன்றும் இயங்குகிறார்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அது அன்றோடு நிற்கவில்லை. காலையில் கொஞ்சம் அசந்தால் மாப்பிள்ளை இன்னும் நடைமேடையை விட்டு நகரவில்லை என்று அறிவிப்பு வரும். இரண்டாம் தடவை தட்டை நீட்டினால் வண்டியில் பாரம் ஏறுகிறது என்று வரும். மனைவியின் அலுவலகத் தோழிகள் வந்திருந்தபோது ஒருத்தி என் தொழிலைப் பற்றிக் கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் அத்தை முந்திக்கொண்டார். மாப்பிள்ளையின் சொந்தத் தொழில் தூக்கம், கிளைகள் எங்கும் இல்லை என்றார். அந்தப் பெண்கள் தேநீர் புரையேறும் அளவுக்குச் சிரித்தார்கள். என் மனைவியும்தான்.

அன்று மாலை லேப்டாப்பில் இணைத்த கருவிகளின் பட்டியலான டிவைஸ் மேனேஜரைத் திறந்து அந்தக் கேமராவின் பெயரைத் தேடினேன். மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைத்துக்கொள்ளலாம் என்று அதில் ஒரு கட்டம் உண்டு. அதில் ஒரு டிக் அடித்தேன். அவ்வளவுதான். இது சட்டவிரோதமான டிக் அல்ல.

அடிக்கடி கேமரா தூங்கிப்போக ஆரம்பித்தது. மனைவி என்னைத் தேடி வந்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, டிரைவரை நீக்கி, லேப்டாப்பை மறுபடி இயக்கி, நெற்றியைச் சுருக்கி, உதட்டைப் பிதுக்கி, கடைசியில் சரிசெய்து கொடுப்பேன். அதுவரை மனைவி பக்கத்திலேயே நிற்பாள். கேட்காமலே தேநீர் வரும். "நீங்க மட்டும் இல்லேன்னா எங்கம்மா கதி என்னங்க" என்று ஒருநாள் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அதனால்தான் அடுத்த படிக்குப் போனேன். கருவியின் பெயர் மேல் வலது கிளிக் செய்து முடக்கு என்பதை அழுத்தினேன். முடக்கினால் அது தானாக எழுந்திருக்காது. மனைவி, கேமரா விற்ற கம்பெனிக்குப் போன் செய்யட்டுமா என்றாள். அப்டேட் ஏதோ ஒத்துவரவில்லை, நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அப்டேட் மேல் பழியைப் போட்டால் மறுகேள்வி கேட்கிற ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை மேடம். மனைவி வேலைக்குப் போனதும் மதியத்தில் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வருவேன். முடக்கியதை நீக்கி அத்தையைப் பேசவிடுவேன். "என்ன அத்தை, எப்படி இருக்கீங்க?" என்று கேட்பேன். நல்ல வார்த்தை வந்தால் கொஞ்ச நேரம் ஓடும். நக்கல் வந்தால் அணைத்துவிடுவேன். மனைவி திரும்புவதற்குள் எப்படியும் அணைத்துவிடுவேன். குழந்தைக்குப் பழக்குவது போலத்தான். மெல்ல மெல்ல அறிவிப்புகள் குறைந்தன. பிறகு "நன்றி மாப்பிள்ளை" என்பது மட்டும் வந்தது. அதைக் கேட்டபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. அந்த வயதில் ஒருவர் திருந்துவது சின்ன விஷயமா?

வெந்நீர்ப் பை வைத்த நாளைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். அன்று மதியம் அத்தைக்குக் கால் குடைச்சல். பையில் வெந்நீர் நிரப்பி, துண்டில் சுற்றி, கெண்டைக்காலுக்கு அடியில் வைத்தவன் நான்தான். அக்கறையில்லாதவன் இதையெல்லாம் செய்வானா? மூடி சரியாகப் பொருந்தாமல் போனது பையின் குறை. அப்புறம் நான் முன்னறையில் உட்கார்ந்து ஒரு வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் கருவி முடங்கியிருந்தது. முடங்கிய கருவி எதையும் சொல்லாது. சொல்லாததை நான் எப்படிக் கேட்டிருக்க முடியும்?

மாலையில் மனைவி வந்து துண்டை எடுத்தபோது தோலும் அதோடு சேர்ந்து வந்தது.

ஆஸ்பத்திரியில் புண்ணைக் கழுவிய நர்ஸ், இவ்வளவு வெந்திருக்கிறதே, யாரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டாள். கருவி கெட்டிருக்கிறது, வீட்டுக்காரர் தினமும் போராடிக்கொண்டிருக்கிறார் என்று மனைவி எனக்காகப் பேசினாள். அந்த வார்த்தை எனக்கு இதமாக இருந்தது. இருந்தும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. அம்மாவுக்கு எங்கே வலிக்கிறது என்றாவது தெரியவேண்டும் என்று லேப்டாப்பையும் கேமராவையும் வார்டுக்கே எடுத்து வந்துவிட்டாள். நான் அப்போது கீழே காபி வாங்கப் போயிருந்தேன்.

இங்கேதான் என் தொழிலுக்கே இழுக்கான ஒரு தவறு நடந்துவிட்டது. வீட்டில் கேமரா ஒயர் எப்போதும் லேப்டாப்பின் இடதுபக்கத் துளையில்தான் இருக்கும். நான் முடக்கியதும் அந்தத் துளையில் இருந்த கேமராவைத்தான். இந்த மாதிரிச் சில கருவிகளை வேறு துளையில் செருகினால் விண்டோஸுக்குப் பழைய ஆளென்று தெரியாது. புது விருந்தாளி வந்ததாக நினைத்து, டிரைவரைத் தானே போட்டு, உட்கார வைத்துவிடும். துளையை மாற்றிப் பாருங்கள் என்று எத்தனையோ பேருக்குப் போனிலேயே வைத்தியம் சொன்னவன் நான். வார்டில் இடதுபக்கம் சுவரை ஒட்டியிருந்தது. மனைவி வலதுபக்கத்தில் செருகிவிட்டாள்.

நான் காபியோடு வாசலுக்கு வந்தபோது கேமராவின் சிவப்பு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. மனைவி சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "என்னங்க, நானே சரிபண்ணிட்டேன்" என்றாள். நல்லது என்றேன். உள்ளே போகலாமா திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். கையில் காபி இருந்ததால் உள்ளே போனேன்.

நர்ஸ் கட்டிலருகே குனிந்து, "சூடு பட்டப்போ உங்களுக்குத் தெரிஞ்சுதாம்மா?" என்று கேட்டாள். அத்தை அவளைப் பார்க்கவில்லை. மகளையும் பார்க்கவில்லை. எழுத்துகளை மட்டும் ஒவ்வொன்றாக, நிதானமாகப் பார்த்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். நான் காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன். மற்றதெல்லாம் என் வாயால் சொல்லிவிட்டேன். மதியம் நடந்ததை மட்டும் அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள் மேடம். நான் மறுக்கப்போவதில்லை. லேப்டாப் படித்தது:

"சுடுதுன்னு சொன்னேன். மாப்பிள்ளை கேட்டுட்டுதான் அணைச்சார்."