தலை தாழ்த்திய அரணாளர் எலோம் அஜாவோன் அவர்களுக்கு

லோமே நகரின் கடலோர மணலில் வெறுங்காலுடன் ஓடத் தொடங்கி, கண்டங்கள் இரண்டின் களங்களில் கால் பதித்து, வடகடல் ஓரத்து எங்கள் ஸ்டோர்வோக் கழகத்தின் பின்களத்தில் பாறையெனப் பல பருவங்கள் நின்று, இன்று காலணி கழற்றும் கால்பந்துக் காவலரே! கலங்கிய நெஞ்சோடு கை கூப்புகிறோம்.

ஊர்கள் பல கண்ட உழைப்பாளரே!

கோட்டோனூ தந்தது முதல் சட்டை. ஸ்ஃபாக்ஸ் தந்தது முதல் ஒப்பந்தம். பெல்ஜியத்துச் சிற்றூர் தந்தது முதல் பனி. மால்டா தந்தது முறிந்த விலா. ருமேனியாவில் இருக்கையில்தான் மகள் செனா பிறந்த சேதி வந்து சேர்ந்தது. பந்து உயரே எழும்போது "விடு, என்னுது!" என்று கத்த, போன நாட்டிலெல்லாம் முதல் வேலையாகக் கற்றுக்கொண்டீர்கள். வணக்கம் சொல்வதைப் பிறகுதான் கற்றீர்கள். எங்கள் ஊருக்குக் குல்லாய் மேல் குல்லாய் போட்டு வந்திறங்கிய அன்று, அணித் தலைவர் ட்ருல்ஸ் உங்களைப் பார்த்து, "நீ விளையாட வந்தியா, மீன் பிடிக்க வந்தியா?" என்று கேட்டதும், "உங்க மைதானத்துல நிக்கிற தண்ணிக்கு ரெண்டும் ஒண்ணுதானப்பா!" என்று நீங்கள் சொன்னதும் இன்னும் எங்கள் உடைமாற்றும் அறையில் உலவுகின்றன.

நெற்றியால் நிமிர்ந்தவரே!

எத்தனை பந்துகளை அந்த நெற்றி திருப்பி அனுப்பியது! மற்றவர் கால் தயங்கிய இடத்தில் உங்கள் தலை சென்றது. அரங்கு ஆர்ப்பரித்தது, நாங்களும் ஆர்ப்பரித்தோம். வசந்தத்தில் எதிரணி ஆட்டக்காரரின் மண்டையோடு உங்கள் மண்டை மோதி, விழுந்து, எழுந்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டினீர்களே, அன்றும் ஆர்ப்பரித்தோம். ஒருவர் மட்டும் கை தட்டவில்லை. அவர் எங்கள் காயங்களைக் கவனிக்கும் பிசியோ தூரிட்.

அன்று முதல் தூரிட்டுக்கு நிம்மதி இல்லை. ஓடும்போது உங்கள் இடக்கால் ஒரு கணம் தாமதிப்பதைப் பார்த்தார். விளக்கு வெளிச்சத்தில் நீங்கள் கண் சுருக்குவதைப் பார்த்தார். இலையுதிர் காலத்து மழை நாளொன்றில், இடைவேளையின்போது, கோல் கீப்பர் ஈவரை உட்கார வைத்து, கார்னர் வரும்போது எங்கே நிற்க வேண்டும் என்று நீண்ட நேரம் விளக்கினீர்கள், முழுக்க முழுக்க உங்கள் தாய்மொழியான எவேயில். ஈவர் திருதிருவென விழித்தார்.

"எலோம், நான் பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ்லயே ஃபெயிலுப்பா. இது வேறயா?" என்றார்.

அறை சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் சிரிப்பதற்கு முன் உங்கள் முகத்தில் ஓடி மறைந்த திகைப்பைத் தூரிட் கண்டார். வேறு மொழியில் பேசினோம் என்பதே உங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அஞ்சாமையால் எங்களை அஞ்ச வைத்தவரே!

பயிற்சியாளர் ஓட்வாரிடம் தூரிட் சொன்னார். உடனே சோதனை வைத்தார்கள். ஒற்றைக் காலில் நின்றீர்கள்; மாதங்களைத் தலைகீழாகச் சொன்னீர்கள்; எல்லாவற்றிலும் தேறினீர்கள். கேள்விகளை முன்பே மனப்பாடம் செய்து, வீட்டுக் கூடத்தில் மகள் கேட்கக் கேட்க ஒப்பித்துப் பழகியிருந்தீர்கள் என்பது பின்னால்தான் வெளிவந்தது. தேறியவரைத் தடுக்க ஓட்வாருக்கு வழியில்லை. மற்றொரு தடுப்பாட்டக்காரருக்கோ தோள் எலும்பு முறிந்திருந்தது. பருவத்தின் கடைசி ஆட்டம் கழுத்தைப் பிடித்தது; சமன் செய்தால் இதே டிவிஷனில் இருப்போம், தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்குவோம்.

ஆட்டத்துக்கு முந்தைய நாள் தூரிட் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"உன் தலை சரியில்ல, எலோம். எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்."

"ஒரே ஒரு மேட்ச்தான் தூரிட். அப்புறம் நீ எங்க கூப்பிட்டாலும் வர்றேன்."

"அந்த ஒரு மேட்ச்தான் வேணாங்கறேன்."

அடுப்படியிலிருந்து உங்கள் துணைவியார் என்யோனாம் அம்மையார் எட்டிப் பார்த்தார். "நான் சொல்லிச் சொல்லி வாய் ஓஞ்சு போச்சு. நீயாவது கட்டிப் போட்டுட்டுப் போயேன்" என்றார். நீங்கள் சிரித்து மழுப்பினீர்கள். மிளகாய்ச் சாறு ஊற்றிய மீனைத் தூரிட்டின் தட்டில் வைத்தீர்கள். அவர் அதைத் தொடாமலே எழுந்து போனார்.

மறுநாள் காற்று ஊளையிட்டது. ஆட்டத்தில் எங்கள் நெஞ்சு பட்ட பாட்டை எழுத்தில் எப்படி அடக்குவது? பந்து உயர்ந்த போதெல்லாம் தூரிட் பெஞ்சின் விளிம்பை இறுகப் பற்றினார். அரங்கில் அமர்ந்திருந்த அம்மையாரோ பந்தையே பார்க்கவில்லை. தூரிட்டின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் தளர்ந்தால் மூச்சு விட்டார். இறுகினால் மகளின் கையை இறுக்கினார். ஒரு முறை பந்தை முட்டித் தள்ளிய பின் நீங்கள் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். சாய்ந்து ஓய்வெடுப்பதாக அரங்கு நினைத்தது. தூரிட் எழுந்து ஓட்வாரை உலுக்கினார். ஓட்வார் மாற்று ஆட்டக்காரரைத் தயார்ப்படுத்தத் திரும்பினார். அதற்குள் எதிரணிக்குக் கார்னர் கிடைத்துவிட்டது.

ஆட்டம் சமனில் இருந்தது, முடியும் தறுவாய். பந்து காற்றில் வளைந்து உங்களை நோக்கியே வந்தது. நீங்கள் எழும்பிவிடுவீர்கள் என்று எதிரணியும் நம்பியது. உங்கள் முழங்கால் மடங்கியது. தோள் உயர்ந்தது. தூரிட் கண்ணை மூடிக்கொண்டார்.

நீங்கள் எழும்பவில்லை. தலையைத் தாழ்த்தி, ஓரடி விலகி நின்றீர்கள். பந்து உங்களைக் கடந்தது; பின்னால் நின்ற எதிரணிக்காரர் அதை வலைக்குள் தள்ளினார்.

"தாத்தா, வீட்டுக்குப் போய்ப் படு!" என்று எங்கிருந்தோ ஒரு குரல். நீங்கள் யாரையும் பார்க்கவில்லை. நடுவரிடம் கை காட்டிவிட்டு, கோட்டைத் தாண்டி, நேரே தூரிட்டிடம் நடந்து வந்தீர்கள்.

"ரெண்டு பந்து வந்துச்சு தூரிட். எது நெசம்னு தெரியல."

"நல்லது பண்ணின. உக்காரு. என்னையே பாரு" என்றார் அவர்.

டிவிஷனை இழந்தோம். உடைமாற்றும் அறையில் ட்ருல்ஸ் சட்டையைச் சுவரில் வீசியடித்தார். "ஏன் குதிக்கல? ஒரு வருஷ உழைப்பு மண்ணாப் போச்சே! நீயா குதிக்காம நின்ன?"

நீங்கள் காலணிக் கயிற்றை அவிழ்க்கக் குனிந்து, முடியாமல் நிமிர்ந்து, சுவரில் சாய்ந்தீர்கள். "குதிச்சிருந்தா எறங்கி வந்திருப்பேனான்னு தெரியல ட்ருல்ஸ். செனா பாத்துக்கிட்டு இருந்தா."

ட்ருல்ஸ் ஈரத் தரையில் மண்டியிட்டு உங்கள் காலைத் தம் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கயிற்றின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். சேறு இறுகியிருந்ததால் பல்லால் கடித்து இழுத்தார். "மன்னிச்சுக்கடா" என்றார், காலணியைப் பார்த்தபடியே.

தற்காத்துத் தலைநிமிர்ந்த தகையாளரே!

நீங்கள் முட்டித் தள்ளிய பந்துகளுக்குக் கை தட்டினோம்; முட்டாமல் விட்ட பந்துக்காக இந்த மடலைச் சட்டமிட்டுத் தருகிறோம். கடைவீதியில் எவரேனும் முணுமுணுத்தால் காதில் வாங்காதீர்கள். கீழ்ப் பிரிவின் சேற்றிலும் நாங்கள் விளையாடிக்கொள்வோம். செனாவுக்குத் தந்தை ஒருவர்தானே!

மற்றவர் மடலில் நீடு வாழ்க என்பது முறைமை. எங்களுக்கோ இப்போது அதைத் தவிர வேறு வேண்டுதலே இல்லை. உங்கள் தலையை ஸ்கேன் செய்து எடுத்த படத்தில் தெரிந்த நிழல் பழைய தழும்பா, புதிய இரத்தக் கசிவா என்று மருத்துவர் இன்னும் சொல்லவில்லை. அதுவரை விமானம் ஏறக் கூடாது என்பதால் நீங்கள் ஊர் திரும்பும் நாளுக்காக லோமேயில் உங்கள் அண்ணன்மார் காத்திருக்கிறார்கள். இங்கே அம்மையார் பெட்டியைக் கட்டுவதும் பிரிப்பதுமாய் இருக்கிறார். வியாழன் காலை முடிவு தெரியும். தூரிட் வண்டி ஓட்டுவார். அன்றைய பயிற்சியை ஓட்வார் நிறுத்திவிட்டார். குழுவின் பேருந்து உங்கள் பின்னாலேயே வரும். அத்தனை பேரும் உள்ளே வர மருத்துவமனை விடாது என்றால் வாசலில் நிற்போம். மருத்துவர் எதைச் சொன்னாலும், எலோம், அதை நீங்கள் தனியே கேட்க வேண்டியிராது.

இங்ஙனம்,
அன்பும் அச்சமுமாய் உங்களோடு நிற்கும்
ஸ்டோர்வோக் கால்பந்துக் கழகத்து ஆட்டக்காரர்களும் பணியாளர்களும்