என் மோட்டாரின் மூன்றாவது விளக்கு

கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வந்து இந்தச் சபைக்குத் தலைமை தாங்கி வீற்றிருக்கும் பெரியவர் முகமது இப்ராஹிம் அவர்களே! எழுதி எழுதித் தேய்ந்த பேனாவோடு என் வலப்பக்கம் அமர்ந்திருக்கும் சங்கத்துக் காரியதரிசி பழனியப்பன் அவர்களே! எண்ணெய்க் கறை போகாத கைகளோடு வந்திருக்கும் என் தொழில் தோழர்களே! தைப்பிங்கிலிருந்து மழையையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்த நண்பர்களே! பந்தலுக்குள் இடமில்லாமல் குடை பிடித்து நிற்கும் ஈப்போ புந்தோங் மகாஜனங்களே! ஆயர் தாவார்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் என் ஐயாவு அண்ணே! உங்கள் அனைவருக்கும் வாடகை மோட்டார் கார் ஓட்டிப் பிழைக்கும் மாயாண்டியின் வணக்கம்.

போட்ட மாலையை ஏன் கழற்றி வைத்தாய் என்று அங்கே ஒருவர் கேட்கிறார். சொல்கிறேன் ஐயா, அதைச் சொல்லத்தானே எழுந்து நிற்கிறேன்.

நீங்கள் அச்சடித்த நோட்டீசில் என்ன இருக்கிறது? “வழக்கில் வென்ற மாயாண்டிக்குப் பாராட்டுக் கூட்டம்.” வென்றேனா? எதை வென்றேன்? யாரை வென்றேன்? செல்லாயி என்று ஒரு பெண். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவள். ஐயாவு அண்ணனின் மனைவி. சென்ற மாதம் என் மோட்டார் மோதி மாண்டுபோனாள். என் மேல் குற்றமில்லை என்று நீதிமன்றம் விடுதலை செய்தது. அதற்கு மாலையா? அவள் புருஷன் கடைசி வரிசையில் இருக்க, அவளைக் கொன்றவன் மேடையில் மாலையும் கழுத்துமாக நிற்பதா? நல்ல மனத்தோடுதான் செய்தீர்கள், நான் அறிவேன். ஆனாலும் அந்த மாலை மேசையிலேயே இருக்கட்டும்.

மாலைக்குப் பக்கத்தில் சாக்குத்துணியில் சுற்றி ஒன்று வைத்திருக்கிறேனே, அதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். இதோ, பிரிக்கிறேன். பித்தளை விளிம்பு. நசுங்கிய ஓரம். ஒரு சாண் அகலம். இதுதான் என் மோட்டாரின் மூன்றாவது விளக்கு. இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் ஆண்டிலே, இந்த ஒற்றை விளக்கு என்னை ஒருமுறை குற்றவாளி ஆக்கியது. இது இல்லாமற்போன குற்றத்துக்கோ இன்றுவரை தண்டனை இல்லை.

மோட்டாரின் முகத்தில் இரண்டு விளக்கு, அதற்கு மேல் வேண்டுமானால் மேலிடத்து அனுமதிச் சீட்டு வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லப்பட்ட விதி. அநியாயமான விதியா? இல்லை! நானே சொல்கிறேன், இல்லை! ஈயச்சுரங்க முதலாளி ஒருவர் தம் மோட்டாரில் ஐந்து விளக்கு மாட்டிக்கொண்டு வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? கல்யாண ஊர்வலம் வருகிறது என்று எண்ணி நம் சனம் தெருவுக்கு வந்து பார்த்தது. எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர் கண்ணைப் பொத்திக்கொண்டு, மாட்டையும் வண்டியையும் லோங்காங்கில் இறக்கிவிட்டார். போன வாரக் கப்பலில் வந்தவர்கள் யாராவது இருந்தால் தெரிந்துகொள்ளுங்கள், லோங்காங் என்றால் சாலையோரத்துக் கால்வாய். மாட்டைத் தூக்கினோம், வண்டியைத் தூக்கினோம், அவர் வாயில் வந்த வசவை மட்டும் எங்களால் தூக்கி நிறுத்த முடியவில்லை.

சிரியுங்கள், சிரியுங்கள். சிரிக்க முடிகிறபோதே சிரித்துவிடுங்கள்.

வருகிறவன் கண்ணைக் குருடாக்கும் விளக்கைத் தடுக்கட்டும், தண்டிக்கட்டும், நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் என் விளக்கு யார் கண்ணைக் குத்தியது? எவர் முகத்தைச் சுட்டது? இது வானத்தைப் பார்த்த விளக்கா? வருகிறவனை முறைத்த விளக்கா? இடப்பக்கத்தில், முழங்கால் உயரத்தில், தரையைப் பார்த்துத் தலைகுனிந்து நின்ற விளக்கு!

அங்கே ஏன் மாட்டினேன்? விடியுமுன் ஆயர் தாவாரில் ஆளேற்றிக்கொண்டு ஈப்போவில் ரயிலைப் பிடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. வழியில் அந்தத் தோட்டத்து வளைவு. மழைக்காலத்தில் அங்கே மூடுபனி இறங்கினால், முன்விளக்கு இரண்டும் பனியில் பட்டு வெள்ளைச் சுவராகத் திரும்பிவரும். நடுச்சாலை மங்கலாகத் தெரியும், ஓரம் தெரியவே தெரியாது. அந்த ஓரத்தில்தான் பெரட்டுக்குப் போகிற சனம் வரும். விடியுமுன் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுகிறார்களே, அந்தப் பெரட்டு. தோளிலே கம்பு, கம்பின் இரு முனையிலும் வாளி, காலிலே செருப்பில்லை, கையிலே வெளிச்சமில்லை. தோட்டத்தில் ஆளுக்கொரு விளக்குக் கொடுப்பார்களா? கொடுப்பார்களா, அம்மா? நீங்களே தலையை ஆட்டுகிறீர்கள்.

ஒருநாள் ஒருத்தியின் வாளி என் வண்டிக் கதவை உரசியது. வாளிதான், ஆள் இல்லை. ஆனாலும் ஈப்போ வந்து சேர்ந்ததும் முதலில் அந்தக் கதவைத்தான் தடவிப் பார்த்தேன். மறுவாரமே தைப்பிங்குக்குப் போய், பிரித்துப் போட்டிருந்த பழைய மோட்டாரிலிருந்து இந்த விளக்கை வாங்கி வந்து மாட்டினேன். ஓரத்துப் புல் தெரிந்தது, புல்லோரத்துப் பாதம் தெரிந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

அதன்பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அந்தத் தோட்டத்துத் துரையின் மோட்டாருக்கும் மூன்று விளக்கு. சீட்டு வாங்கி மாட்டிய விளக்கு. மூன்று விளக்கு தெரிந்தால் ஆணும் பெண்ணும் சாலையை விட்டு இறங்கி, கால்வாய்க்குள் நின்று சலாம் வைக்க வேண்டும், இது கங்காணி போட்ட கட்டளை. இரண்டு விளக்கு தெரிந்தால் அது வாடகை வண்டியோ லாரியோ, இறங்க வேண்டியதில்லை. எழுத்துப் படிக்காத சனம் விளக்கை எண்ணிப் படித்த பாடம் அது. நான் மூன்று விளக்கோடு வளைவில் திரும்பினேன். வரிசை முழுவதும் மளமளவென்று கால்வாயில் இறங்கிவிட்டது! எனக்குச் சலாம்! இந்த மாயாண்டிக்கு!

முதலில் கண்டுகொண்டவள் செல்லாயிதான். “அடியே, தொரை இல்லடி, நம்ம மாயாண்டி அண்ணே! குடுத்த சலாமத் திருப்பி வாங்குங்கடி!” என்று கத்தினாள். வரிசையே சிரித்தது. வண்டிக்குள் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

ஆனால் மறுநாளும் இறங்கினார்கள். தூரத்தில் வருகிற மூன்று விளக்கு துரையுடையதா, டிரைவருடையதா என்று யார் கண்டது? என் விளக்கு ஓரத்தைக் காட்டியது, ஓரத்தில் ஆளே இல்லை. இதைவிடப் பாதுகாப்பு வேறென்ன வேண்டும்? உள்ளூர எனக்குக் குளிர்ந்தது என்பதையும் மறைக்கமாட்டேன். துரைக்கு விழுகிற சலாம் நமக்கும் விழுந்தால் கசக்குமா?

அந்த மமதையில்தான் கெட்டேன். ஒரு காலை, தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணியார் சைக்கிளில் வந்தார். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சப்பாத்து. மூன்று விளக்கைக் கண்டார். சைக்கிளைக் கீழே போட்டார். கணுக்கால் சேற்றில் இறங்கி நின்று நெற்றியில் கை வைத்தார். நான் பேசாமல் போயிருக்கலாம். போனேனா? வண்டியை மெதுவாக்கி, “கிராணி ஐயா, சொகமா இருக்கீங்களா?” என்று கேட்டுத் தொலைத்தேன்!

மூன்றாம் நாள் போலீஸ்காரர் வந்தார். நீதிமன்றத்தில் இரண்டே கேள்விதான். மூன்று விளக்கு உண்டா? உண்டு. சீட்டு உண்டா? இல்லை. எதற்காக மாட்டினாய் என்று மூன்றாவது கேள்வி கேட்க ஒருவரும் இல்லை. அபராதம் போட்டார்கள், விளக்கைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன். தரையைப் பார்க்கும் விளக்குக்காவது அனுமதி கொடுங்கள் என்று பழனியப்பன் மனு எழுதினார். பதிலில்லை. இன்னொரு மனு எழுதினார். முதல் மனு பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது.

மறுநாள் அதே வளைவில் வண்டியை நிறுத்தினேன். அவமானம் நெஞ்சைச் சுட்டது. வரிசையைப் பார்த்துச் சொன்னேன், இந்த வாயால்தான் சொன்னேன்: “இனிமே எனக்கு ரெண்டு வெளக்குதான். தொரைக்கு எறங்குங்க, எனக்கு எறங்க வேணாம். ரெண்டு வெளக்கு வந்தா நம்ம ஆளுன்னு நெனச்சுக்குங்க. நிமிந்து நடங்க!”

கை தட்டுகிறீர்கள். வேண்டாம், தட்டாதீர்கள். நிறுத்துங்கள் தோழர்களே! அன்று அவர்களும் இப்படித்தான் தட்டினார்கள். அந்தக் கைதட்டல் என்ன செய்தது என்று கேட்டுவிட்டுப் பிறகு தட்டுங்கள்.

பத்தாம் நாள் காலை. தூறல். பனி. வண்டியில் மூன்று பேர். நான் வேகமாகப் போகவில்லை, குடிக்கவில்லை, கண் அயரவில்லை. விளக்கு இரண்டும் எரிந்தன. எதிரே வெள்ளைச் சுவர். ஓரம் தெரியவில்லை. தெரியவில்லை ஐயா! ஒரு சத்தம். வாளி உருண்ட சத்தம். இறங்கி ஓடினேன். புல்மேல் செல்லாயி கிடந்தாள். வண்டியில் ஏற்றினேன். பாதி வழி தாண்டும்போது மூச்சு நின்றுவிட்டது என்று பின்னால் இருந்தவர் சொன்னார். நான் ஓட்டிக்கொண்டே இருந்தேன்.

மறுபடி நீதிமன்றம். என் மேல் அபராதம் வாங்கிக் கொடுத்த அதே போலீஸ்காரர் சாட்சி சொன்னார். விளக்கு எத்தனை? இரண்டு. எரிந்தனவா? எரிந்தன. வண்டியில் குறை உண்டா? இல்லை. விடுதலை!

கேளுங்கள் மகாஜனங்களே! மூன்று விளக்கோடு ஓடியபோது ஓர் எறும்பைக்கூட நான் நசுக்கவில்லை, அப்போது நான் குற்றவாளி. இரண்டு விளக்கோடு ஓடி ஓர் உயிரைக் கொன்றேன், இப்போது நான் நிரபராதி. இது என்ன கணக்கு? எந்த ஊர் வழக்கு? சட்டம் விளக்கை எண்ணியது. விளக்கு எதைக் காட்டியது என்று ஒருமுறையாவது எட்டிப் பார்த்ததா?

விடுதலையான அன்றே தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போனேன். ஐயாவு அண்ணன் அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கட்டும் என்றுதான் போனேன். அவர் அடிக்கவில்லை. “உக்காருங்க” என்றார். பாயை விரித்துப் போட்டார். செல்லாயிக்குப் பின்னால் நடந்துவந்த இருளாயி அக்காதான் அன்று நடந்ததைச் சொன்னார். அதோ, தூணோரம் இருக்கிறார். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்லுகிறேன்.

“பனியா இருக்கு, எதுக்கும் எறங்கிக்கலாம்னு நாங்கள்லாம் எறங்கினோம் தம்பி. அவதான் எறங்கல. ‘ரெண்டு வெளக்குதாண்டி. மாயாண்டி அண்ணேதான் சொல்லிச்சே, நம்ம ஆளுன்னு. நம்ம ஆளுக்கு எதுக்குச் சேத்துல எறங்கணும்?’ அப்படின்னு நேரா நடந்தா.”

நான் சொன்ன சொல், சபையோரே! நிமிர்ந்து நடக்கச் சொன்னேன், நிமிர்ந்து நடந்தாள். நம்பச் சொன்னேன், நம்பினாள். என் விளக்கைப் பிடுங்கியது சட்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாலையோரத்தில் அவளை நடக்கவைத்தது யார்? அதற்கு எந்தக் கோர்ட்டில் எனக்கு விசாரணை?

மூன்றாவது மனு எழுதலாம் என்கிறார் பழனியப்பன். எழுதட்டும். இரண்டாவது மனு பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வரும். எனக்கு நம்பிக்கை இல்லை. மேடையேறியவன் நம்பிக்கை ஊட்டிவிட்டு இறங்க வேண்டும் என்பது வழக்கம். என்னிடம் அது இல்லை, இல்லாததை எப்படி எடுத்துக் கொடுப்பேன்? ஆகையால், தாய்மார்களே, தோட்டத்திலிருந்து வந்திருக்கும் என் சகோதரிகளே, அன்று சொன்னதை இன்று திரும்பப் பெறுகிறேன். இரண்டு விளக்கு வந்தாலும் இறங்கிவிடுங்கள். ஒற்றை விளக்கு வந்தாலும் இறங்கிவிடுங்கள். நம்ம ஆள் என்று யாரையும் நம்பாதீர்கள். என்னையும் நம்பாதீர்கள்.

என்ன அக்கா? எழுந்து நின்று என்ன சொல்கிறீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள், தலைவருக்கும் கேட்கட்டும். “எங்களச் சேத்துல எறங்கச் சொல்றியே, நீ அந்த வெளக்க மாட்ட மாட்டியா?”

கேட்டுவிட்டார். நீதிமன்றம் கேட்காத கேள்வியை இருளாயி அக்கா கேட்டுவிட்டார்.

மாட்டுகிறேன் அக்கா. நாளைக் காலையே மாட்டுகிறேன். அந்த வளைவில் மூன்று விளக்கு தெரியும். சலாம் வேண்டாம், சற்று ஒதுங்கி நில்லுங்கள், போதும். எத்தனை நாள் தெரியுமென்று எனக்குத் தெரியாது. ஒரு வாரமோ, இரண்டு நாளோ. லைசென்சைப் பிடுங்குவார்கள், பிடுங்கட்டும். மூன்று விளக்கு வராத நாளில் மாயாண்டியைப் பிடித்துவிட்டார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். அன்றிலிருந்து, எந்த வெளிச்சத்தைக் கண்டாலும் இறங்கிவிடுங்கள், அம்மா.

ஐயாவு அண்ணே, உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. இந்த மாலையை மட்டும் எடுத்துப் போய், செல்லாயி கிடக்கிற இடத்தில் போட்டுவிடுங்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லாருக்கும் என் நன்றி. தலைவர் இப்ராஹிம் அவர்களுக்கு, கால்வாயில் இறங்காமல் மேடையில் நின்று, மனமார ஒரு சலாம். தாய்மார்களுக்கு என் வணக்கம். இருட்டுவதற்குள் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள்.