திறந்தாலே பதிவாகும் பக்கம்

எபிநேசர், வயது 31, த/பெ சத்தியநாதன், நாவலூர் அடுக்குமாடிக் குடியிருப்பு மூன்றாம் தளத்தில் வசிப்பவர், காவல் ஆய்வாளர் முன் ஆஜராகிச் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட வாக்குமூலம்.

நான் மேற்கண்ட முகவரியில் தனியாக வசித்து வருகிறேன். தனியார் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பொறியாளராக வேலை செய்கிறேன். என் மனைவி கெசியா, வயது 28, சென்ற மாதம் இறந்துவிட்டார். அவருடைய ஆம்புலன்ஸ் கணக்கில் முகவரியை மாற்றியது நான்தான் என்று அவருடைய அண்ணன் ஜெபகுமார் கொடுத்த மனுவின் பேரில் என்னை அழைத்திருக்கிறீர்கள். அது குறித்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கெசியாவுக்குச் சிறு வயது முதல் ஆஸ்துமா உண்டு. கல்யாணத்துக்கு முன்பு அவர் அஸ்தினாபுரத்தில் தன் தாயார் தபீதாளுடன் இருந்தபோது, அவருடைய அலுவலகம் எல்லா ஊழியர்களுக்கும் 'நொடித்துணை' என்ற ஆம்புலன்ஸ் சேவையில் கணக்கு எடுத்துக் கொடுத்தது. அதில் முதல் முகவரியாகத் தாயார் வீட்டைப் பதிவு செய்திருந்தார். போனில் அவர்களுடைய செயலியிலுள்ள சிவப்புப் பொத்தானை ஒரு முறை அழுத்தினால் போதும், எந்த முகவரியை முதன்மை என்று குறித்து வைத்திருக்கிறோமோ அங்கே வண்டி வந்துவிடும். மூச்சு முட்டுகிறவரால் பேச முடியாது என்பதால் எதுவும் கேட்காமல் அனுப்புவதுதான் அவர்களுடைய முறை.

கல்யாணமாகி நாவலூருக்குக் குடிவந்த அன்றே கெசியா முதன்மை முகவரியை நாவலூர் என்று மாற்றினார். அதோடு அந்தக் கணக்கைத் தமிழிலும் பெரிய எழுத்திலும் வைத்துக்கொண்டார். தாயாரும் பார்க்க நேரலாம் என்பதால் அப்படி வைத்தார். மறுநாள் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் உறுதி செய்து கொள்ள அழைத்தார். நான் பக்கத்தில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கெசியா போனில், "ஆமா மேடம், நாவலூர்தான். மறந்துகூட அஸ்தினாபுரம் போயிடாதீங்க, எங்கம்மா வண்டியப் பாத்தாலே ஜெபம் பண்ண ஒக்காந்துடுவாங்க" என்று சொல்லிச் சிரித்தார்.

அதன் பிறகு சம்பவ தினத்தன்று காலை நான் அலுவலகம் சென்றுவிட்டேன். கெசியா வீட்டிலிருந்து வேலை பார்த்தார். முற்பகலில் அவருக்கு இரைப்பு அதிகமாகிப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். வண்டி அஸ்தினாபுரம் சென்றது. ஓட்டுநர் ரவி கேட்டைத் தட்டி, "பேஷண்ட் எங்கம்மா?" என்று கேட்டதாகவும், என் மாமியார், "இங்க யாருக்கும் ஒண்ணுமில்லயேப்பா" என்றதாகவும், அவர், "இன்னாம்மா, ஆப்புல இந்த வூடுதான் கீது, பேரு கெசியான்னு போட்டுகீது" என்று போனைக் காட்டியதாகவும் இருவரும் என்னிடம் சொன்னார்கள். அதன் பிறகு என் மாமியார் கெசியாவை அழைத்தார். கெசியா போனை எடுத்திருக்கிறார். பேசவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டிருக்கிறது. மாமியார் அந்த அழைப்பைத் துண்டிக்க மனமில்லாமல் பக்கத்து வீட்டுக்காரர் போனை வாங்கி எனக்குச் சொன்னார்.

அதன் பிறகு வண்டி மேடவாக்கம் வழியாக நாவலூருக்குத் திரும்பியது. நான் எங்கள் குடியிருப்புக் காவலாளியை அழைத்துக் கதவை உடைக்கச் சொன்னேன். அவரும் இன்னொருவரும் உடைத்து, கெசியாவை ஆட்டோவில் ஏற்றினார்கள். மருத்துவமனைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவருடைய ஒரு கால் செருப்பு ஆட்டோவிலேயே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். வழியிலேயே உயிர் போய்விட்டது என்று மருத்துவர் சொன்னார்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு ஜெபகுமார் எல்லோர் முன்னிலையிலும், "ஊருக்கெல்லாம் வெப்சைட் பண்ணிக் குடுக்கறீங்க மாப்ள, பொண்டாட்டிக்கு ஒரு அட்ரஸ் மாத்த நேரமில்ல, இல்ல?" என்றார். மாமியார், "அவ மாத்திட்டேன்னுதான் எங்கிட்ட சொன்னா" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு, கெசியா மாற்றியது என்ன ஆனது என்று பார்ப்பதற்காக, என் லேப்டாப்பில் அவருடைய கணக்கைத் திறந்து, முகவரியும் மொழியும் தேர்ந்தெடுக்கும் 'அமைப்புகள்' பக்கத்துக்குப் போனேன். பக்கம் ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் வந்தது. மேலே அவர் பெயரைப் போட்டு வணக்கம் சொல்லியிருந்தது. முதன்மை முகவரி அஸ்தினாபுரம் என்று இருந்தது. தமிழும் பெரிய எழுத்தும் போயிருந்ததால் முகவரி மட்டுமல்ல, அவர் தேர்ந்தெடுத்து வைத்திருந்த எல்லாமே போய்விட்டது என்று எனக்குப் புரிந்தது. நான் எதையும் தொடவில்லை. சேமிக்கும் பொத்தானை அழுத்தவில்லை. பக்கத்தை மூடிவிட்டேன்.

அதன் பிறகு என்னோடு கல்லூரியில் படித்து, இப்போது நொடித்துணையில் வேலை செய்யும் பிரிட்டோவை அழைத்தேன். அவன் போனில் பேச மறுத்து, தாம்பரம் ரயில் நிலையம் பக்கத்து டீக்கடைக்கு வரச் சொன்னான். வந்தவன் டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே, சமீபத்தில் கணக்குகளைப் புதிய அமைப்புக்கு மாற்றியதாகவும், அப்போது பலருடைய தேர்வுகள் வந்து சேராமல் அந்த இடம் காலியாக நின்றுவிட்டதாகவும், காலியாக இருந்தால் முதன்முதலில் பதிந்த முகவரியை எடுத்துக்கொள்ளும்படி மென்பொருளை எழுதியிருப்பதாகவும் சொன்னான். கெசியாவின் கணக்கைச் சம்பவ தினத்தன்றே தானே பார்த்ததாகவும், அப்போது அந்த இடம் காலியாக இருந்ததாகவும் சொன்னான்.

அதன் பிறகு அவன், "மச்சான், நீ அந்தப் பேஜத் தொறந்தியா?" என்று கேட்டான்.

"தொறந்தேன். சேவ் குடுக்கல."

"குடுக்க வேணாம்டா. தொறந்தாலே போதும். என்ன காட்டுதோ அத அப்படியே எழுதிக்கும். யூசர் செலக்ட் பண்ணதுன்னு போட்டுக்கும். அந்த பக் எங்களுக்குத் தெரியும். அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்னு விட்டுட்டாங்க."

கெசியா தவறு செய்யவில்லை என்பதற்கு அவர்களிடம் இருந்த அடையாளம் அந்தக் காலி இடம் ஒன்றுதான். அதை நான் திறந்து பார்த்து நிரப்பிவிட்டேன்.

சில நாட்கள் கழித்து நிறுவனம் உங்களுக்குக் கடிதம் கொடுத்தது. முதன்மை முகவரி அஸ்தினாபுரம் என்பது பயனர் தேர்ந்தெடுத்தது என்றும், அது கணவரின் லேப்டாப்பிலிருந்து பதிவானது என்றும் அதில் இருப்பதாகவும், அதை அறிந்தே ஜெபகுமார் மனு கொடுத்ததாகவும் நீங்கள் சொன்னீர்கள். அவர்களுடைய முறையில் தேர்வும் அது வந்த கருவியும்தான் பதிவாகும், தேதி பதிவாகாது. அதனால் அது சாவுக்கு முன்னா பின்னா என்று அந்தக் கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. லேப்டாப் என்னுடையதுதான். திறந்தது நான்தான். மாற்றியது நான் இல்லை. இதைச் சொல்லக்கூடிய பிரிட்டோவின் போன் அந்தச் சந்திப்புக்கு மறுநாளிலிருந்து அணைந்திருக்கிறது. அவன் அறைக்குச் சென்றேன். பூட்டியிருந்தது.

நிறுவனம் எல்லாக் கணக்குகளுக்கும் தினமும் நகல் எடுத்து வைத்து, மாதக் கணக்கில் பழையதானவற்றை அழித்துவிடும் என்று பிரிட்டோ சொல்லியிருந்தான். சம்பவ தினத்தின் நகலில் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கும். அது அழிவதற்குள் கைப்பற்ற வேண்டும்.

இன்று காலை நான் இங்கே புறப்படும்போது நொடித்துணையிலிருந்து வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் அனுப்பிய ஒரு குறுஞ்செய்தி கெசியாவின் போனுக்கு வந்தது. 'உங்கள் பாதுகாப்பு எங்கள் பொறுப்பு. அமைப்புகள் பக்கத்தைத் திறந்து முகவரியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்' என்று எழுதியிருந்தது. முகவரி தவறி நிற்கிறவர்களில் மாற்றிச் சேமிக்காமல், பார்த்துவிட்டு மட்டும் மூடுகிற ஒவ்வொருவர் கணக்கிலும் பழைய முகவரி அவரே தேர்ந்தெடுத்ததாகப் பதிவாகும். ஜெபகுமாருக்கும் அவர் அலுவலகத்தின் மூலம் அதே சேவைதான். அவர் முன்பு தாயாரோடு வேளச்சேரி வாடகை வீட்டில் இருந்தபோது அந்த முகவரியில் பதிந்தது; இப்போது அவர்கள் யாரும் அங்கே இல்லை. நான் உடனே அவரை அழைத்து, அந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டாம் என்று சொன்னேன்.

அவர், "தொறந்து பாத்துட்டேன். ஏதோ இங்கிலீஷ்ல இருந்துச்சு, மூடிட்டேன். அதுல உங்களுக்கு என்ன பயம்?" என்று கேட்டு இணைப்பைத் துண்டித்தார். மறுபடி அழைத்தேன். அவர் எடுக்கவில்லை. அவருக்கு ஒன்பது மாதத்தில் பெண் குழந்தை இருக்கிறது. முகவரியை மாற்றிச் சேமிக்கும்படி அவரிடம் சொல்ல வேண்டும். நீங்கள் அழைத்தால் எடுப்பார்.

நான் சொன்னது இவ்வளவுதான். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, யாருடைய தூண்டுதலும் இல்லை, எல்லாம் உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ச. எபிநேசர்