மூன்றாவது கட்டி

என் பெயரும் முகவரியும் இந்த வாக்குமூலத்தின் முதல் பக்கத்தில் எழுதப்பட்டுள்ளபடி. வயது நாற்பத்து நான்கு. திசுப் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருடங்களாக டெக்னீஷியன்.

என் கணவரின் தங்கைக்குக் கர்ப்பப்பையை அகற்றிய மறுநாள் காலை அது ஃபார்மலின் ஜாடியில் கூடத்துக்கு வந்தது. உறவினருடையதை வேறு ஒருவர் பார்க்க வேண்டும் என்பது விதி. "நீங்க பார்த்தா எனக்குப் பயமே இல்ல அண்ணி" என்று நாத்தனார் சொல்லியிருந்ததால் நானே எடுத்துக்கொண்டேன்.

வெட்டியதில் மூன்று கட்டிகள் இருந்தன. இரண்டு வெள்ளையாக, கெட்டியாக, வழக்கமான நார்க்கட்டிகள். மூன்றாவது மஞ்சளாக இருந்தது, கத்தி பட்டதும் குழைந்தது. அப்படி இருந்தால், ரிப்போர்ட்டில் கையெழுத்திடும் எங்கள் கூடத்து டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டி, கூடுதல் துண்டுகள் எடுக்க வேண்டும். குழைந்த திசு மெஷினில் சீவும்போது கிழியும், ஒரு நாள் தள்ளிப்போகும். வீட்டிலோ மணிக்கொரு தடவை ரிப்போர்ட் கேட்டார்கள். ஆகவே கெட்டியான கட்டியிலிருந்தே இன்னொரு துண்டு எடுத்து, மூன்றாவது கட்டி என்று எண் போட்டேன். டாக்டரம்மா ஸ்லைடில் இருந்ததைப் பார்த்து, சாதாரணக் கட்டி என்று கையெழுத்திட்டார்.

அதன் பிறகு நாத்தனார் போன் செய்தாள். "எங்க வீட்டுல ஒரு பழைய டப்பாவைக்கூட நீங்க எறிஞ்சதில்ல. ஜாடியில இருக்கிறதையாவது எறிஞ்சிடுங்க அண்ணி." நான் சிரித்தேன்.

ஒரு மாதத்தில் அப்புறப்படுத்த வேண்டிய அந்த ஜாடியை நான் எறியவில்லை. ஏன் என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்திருந்தது என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

எட்டு மாதம் கழித்து அவளுக்கு இருமல் வந்தது, ஸ்கேனில் நுரையீரலில் கட்டிகள் தெரிந்தன. அதன் பிறகு ஜாடியை மறுபரிசோதனைக்கு எடுத்துக் கொடுத்தேன். கர்ப்பப்பைத் தசையில் அபூர்வமாக வரும் புற்றுநோய் என்று முடிவு வந்தது. முன்பே தெரிந்திருந்தால் பரவாமல் இருந்திருக்குமா என்று சொல்ல எனக்குப் படிப்பு போதாது. முன்பே தேடியிருப்பார்கள்.

வீட்டில், நான்தான் கண்டுபிடித்தேன் என்றார்கள். நான் மறுக்கவில்லை. அதன் பிறகு நாத்தனாரின் கணவர் டாக்டரம்மா மீது, நீங்கள் இப்போது விசாரிக்கும் இந்தப் புகாரைக் கொடுத்தார். போன வாரம் மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க அண்ணி இல்லன்னா அந்த டாக்டர் என்னை முழுசா முடிச்சிருப்பாங்க" என்று நர்ஸிடம் சொன்னாள். நான் கையை எடுக்கவில்லை.

டாக்டரம்மா மீது தவறில்லை. எண் போட்ட கையெழுத்து என்னுடையது.

எழுதியதை வாசித்துக் காட்டினீர்கள், நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. இதை நாத்தனாருக்கு நீங்கள் அனுப்ப வேண்டாம். ஒரு நகல் கொடுங்கள், நாளை மருந்து ஏறி முடிந்ததும் நானே வாசித்துக் காட்டுகிறேன்.

(கையொப்பம்)