டக்டக் குண்டும் ஒரு சின்னச் சந்தேகமும்

எனக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சந்தேகம் வந்தால் கேட்பேன், அவ்வளவுதான். நீங்கள் இந்தக் குடியிருப்புக்குப் புதிது. மொட்டைமாடியில் விளையாடக் கூடாது என்று பலகை மாட்ட வைத்தது யார் என்று கேட்டீர்கள். நான்தான். உட்காருங்கள், சொல்கிறேன்.

எதிர்வீட்டு வெட்டுக்கிளியும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவளுக்கு அந்தப் பெயர் வந்ததே ரப்பர் கயிறு தாண்டித்தான். இடுப்பு உயரத்துக்கு ஏற்றினாலும் தாண்டுவாள், பள்ளியே வாய் பிளந்து நிற்கும். காலில் ரப்பரை மாட்டிக்கொண்டு தூண் மாதிரி நிற்கிற வேலை எனக்கு. ஒருநாள் தூணுக்கும் வேறு ஆள் பிடித்துவிட்டாள். நான் தையல் டீச்சரிடம் போய், "இது கழுத்துல சுத்திக்கிட்டா என்ன ஆகும் டீச்சர்?" என்று கேட்டேன். மறுநாள் ரப்பருக்குத் தடை. மதியச் சாப்பாட்டுக்கு வெட்டுக்கிளி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

பிறகு டக்டக் குண்டு வந்தது. நூலின் இரு முனையிலும் பிளாஸ்டிக் குண்டு, மேலும் கீழும் மோதும். அவள் கை பறக்கும், சுற்றிலும் கூட்டம். சில்லு தெறித்தால் கண் போய்விடாதா என்று கணக்கு வாத்தியாரிடம் கேட்டேன். அவருக்கு ஏற்கெனவே சத்தம் ஆகாது. அப்புறம் எச்சில் தொட்டுக் கையில் ஒட்டுகிற படம். அதில் மயக்க மருந்து தடவியிருக்கிறதா என்று பள்ளி ஆயாவிடம் கேட்டேன். சாயங்காலத்துக்குள் ஊரே அதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

"நான் எதைத் தொட்டாலும் தடை பண்ணிடறாங்கடி" என்று அழுதாள். பாவமாக இருந்தது. என் மிட்டாயில் பாதி கடித்துக் கொடுத்தேன்.

வளர்ந்த பிறகு ரப்பர் ஏது, குண்டு ஏது. வெளியூர் வங்கிக்காரர் ஒருவர் அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போனார். தங்கமான மனிதர். அவருடைய அக்காவிடம், "பொண்ணுக்கு அந்த மயக்கம் வர்றதெல்லாம் இப்ப நின்னுடுச்சா?" என்று அக்கறையாகத்தான் விசாரித்தேன். அவளுக்கு மயக்கம் வந்து நான் பார்த்ததில்லை. அதனால்தானே கேட்டேன். அவர்கள் திரும்பி வரவில்லை. அடுத்து வந்தவர்களும் அப்படித்தான். இன்றுவரை எதிர்வீட்டில் ஒண்டிக்கட்டை. சாயங்கால டீ மட்டும் என் வீட்டில்.

போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது பழைய டக்டக் குண்டு கிடைத்ததாம். மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். இரண்டாம் மாடிப் பல் டாக்டரம்மா, கீழ்வீட்டுத் தையல்காரி, எல்லாரும் கூடிவிட்டார்கள். ஐம்பது வயதில் ரப்பர் கயிறு வேறு. ஒருத்திக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, அதற்கும் சிரிப்பு. இங்கே டீயில் ஆடை கட்டியது. நம் செயலாளரோ யார் என்ன சொன்னாலும் பலகை எழுதுகிற ஆள். "மேல இப்படிக் குதிச்சா தண்ணித் தொட்டி விரிசல் விடாதா தம்பி?" என்று கேட்டேன்.

பலகை வந்த அன்று வெட்டுக்கிளி என் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். "எனக்கு ராசியே இல்லடி. கடைசி வரைக்கும் கூட இருக்கிறது நீ ஒருத்திதான்" என்றாள்.

டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். உண்மைதானே. என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

நேற்று உங்களை நடைப்பயிற்சிக்குக் கூப்பிட்டாளாமே. தாராளமாகப் போய்வாருங்கள். உங்களைப் பற்றி நான் இன்னும் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை.