கைக்கேற்ற கிட்டார்

இந்தப் பாக்கெட் காபியில் இனிப்பு கொஞ்சம் தூக்கல்தான், யோன்சுக். பாலையும் சர்க்கரையையும் அவர்களே கலந்து அனுப்பிவிடுகிறார்கள். என் கிட்டார் கடையில் என்மேல் பழி போட முடியாத சாமான் அது ஒன்றுதான். குடி, ஆறிவிடும்.

நீ கேட்டது நியாயமான கேள்வி. போன சூசொக் அறுவடைப் பண்டிகை விடுமுறையில் உன் அண்ணன் வீட்டில் இந்தக் கிட்டாரை விளையாட்டாக மீட்டி, அதைச் செல்போனில் பதிவு செய்தாய். மேலே போகப் போக ஸ்வரம் விலகியது. பியானோ டீச்சருக்குக் கிட்டார் வராது என்று சிரித்துவிட்டு அதோடு விட்டாய். நேற்று அதே கிட்டாரில் அதே பாட்டை மீட்டினாய், சுத்தமாக வந்தது. "நடுவுல இதுல கை வச்சது யாரு, தொக்சு அண்ணே?" என்று கேட்கிறாய். நான்தான். ஆனால் ஒரு தடவை மட்டும் இல்லை. உட்கார், சொல்கிறேன். எனக்கும் இதைத் தூக்கிச் சுமந்து அலுத்துவிட்டது.

பக்கவாதத்தில் இடது கை மரத்துப்போனதும் உன் அண்ணன் இன்பியோ தன் பழைய கிட்டாரை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டு, ஒரு வருஷம் யாரோடும் பேசவில்லை. அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை இந்தப் படியேறி வந்து நின்றான். விரல்களில் உயிர் வருகிறதாம், வேலை கொடுத்தால் முழுசாக வந்துவிடும் என்று டாக்டர் சொன்னாராம்.

"டேய், குழந்தைக் கைக்கு ஏத்த மாதிரி ஒரு கிட்டார் பண்ணித் தா."

"பண்ணலாம். மேல ஸ்டிக்கர் ஒட்டணுமே. முயலா, கரடியா?"

"கரடி. தனியா எதுக்கு வாங்கற, உன் போட்டோவையே ஒட்டிடு."

கடையில் விற்கிற எந்தக் கிட்டாரும் அந்தக் கைக்கு ஆகாது. அதனால் ஒவ்வொன்றாகத் தேடி வாங்கினோம். உடலை சுவோனில் ஒரு தச்சரிடம், கயாகும் என்கிற தந்தி வாத்தியம் செய்கிற லேசான மரத்தில் அறுத்து வாங்கினோம். மெலிந்த கழுத்து ஒன்று, பழைய சாமான் விற்கிற செயலியில் ஒரு பல் டாக்டரிடம் கிடைத்தது. சுரங்க ரயில் வாசலில் கொண்டுவந்து கொடுத்தார். "வலிக்காம கழட்டினீங்களா டாக்டர்?" என்று உன் அண்ணன் கேட்டான். அந்த மனிதர் சிரிக்கவே இல்லை. நாங்கள் ரயிலில் ஊர் வந்து சேரும்வரை சிரித்தோம்.

செவ்வாய்தோறும் வருவான். வேலை பார்ப்போம், கீழே போய் நூடுல்ஸ் சாப்பிடுவோம். அவன் சோஜு சாராயம் தொடக்கூடாது என்பதால் நானும் தொடவில்லை. பெரிய தியாகி. எனக்கு மனைவி கிடையாது. மற்ற நாட்களில் இந்தக் கடைக்கு வருகிறவர்கள் கம்பி அறுந்தால் வருவார்கள், மாட்டியதும் போய்விடுவார்கள். செவ்வாய்க்கிழமைக்காக நான் முகம் மழித்துக்கொள்ள ஆரம்பித்தேன். இந்த வயதில் அது வெட்கக்கேடு, தெரியும்.

கம்பி முறுக்கும் சாவிகள் மட்டும் பாக்கி இருந்தன. அவன் தேடிக்கொண்டிருந்த அதே வகைச் சாவிகள் செயலியில் விற்பனைக்கு வந்தபோது, அவன் பார்ப்பதற்குள் வேறு பெயரில் நானே வாங்கி அந்த இழுப்பறையில் போட்டேன். "கிடைக்க மாட்டேங்குதேடா" என்று புலம்புவான். "அடுத்த வாரம் பார்ப்போம்" என்பேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கிட்டார் முடிந்துவிட்டால் அப்புறம் எதற்கு வருவான்? கடைசியில் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல், கிடைத்துவிட்டது என்று நானே எடுத்துக் கொடுத்தேன். கட்டிப் பிடித்துக்கொண்டான். வலது கையோடு இடது கையும் வந்து என் முதுகில் பட்டது. அந்தக் கை எவ்வளவு தேறியிருந்தது என்று எனக்குத்தான் முதலில் தெரியும்.

எல்லாவற்றையும் பூட்டி முடித்ததும், முறைப்படி கோசா பூஜை வைத்தோம். இரண்டு பேர் பூஜைக்குப் பன்றித் தலைப் படையல் எதற்கு என்று பிளாஸ்டிக் பன்றி உண்டியல் ஒன்றை மேசைமேல் வைத்து, அதன் முதுகில் நோட்டைச் செருகி, மக்கொல்லி அரிசிக் கள் ஊற்றி, விழுந்து கும்பிட்டோம். எழுந்தவன் சொன்னான்: "பூசான்ல நம்ம பழைய குழு மான்சிக் கூப்பிட்டிருக்கான்டா. அவனோட இப்போதைய குழுவுல கிட்டார் வாசிக்க ஆள் வேணுமாம். இலையுதிர் காலத்துல வந்து வாசிச்சுக் காட்டுங்கறான்."

"நல்லதாப் போச்சு, போயிட்டு வா."

"வர்றதாவது! அங்கேயே தங்கப் போறேன். வீடுகூடப் பார்த்துட்டான். ஜன்னலத் திறந்தா கடலாம்."

"கடல வச்சு என்ன பண்ணப் போற, மீனுக்கு வாசிக்கவா?"

"உன்னவிட மீனுக்குத் தாளம் தெரியும்."

எங்கள் பழைய குழுவில் டிரம்ஸ் அடித்தவன் நான், அடிக்கடி தாளம் தப்பும்.

கடைசிச் சரிபார்ப்புக்கு ஒரு நாள் இங்கேயே இருக்கட்டும் என்றேன். அப்படி வைத்துக்கொள்வது வழக்கம்தான். கம்பிகள் வந்து உட்காரும் பிரிட்ஜில் கம்பிக்கு ஒன்றாகக் குட்டித் திருகுகள் இருக்கின்றன, பார். அவற்றைச் சற்றே தள்ளி வைத்தால் வெறும் கம்பி ஒழுங்காக ஒலிக்கும், ஸ்ருதி காட்டும் ட்யூனர் முள் நடுவில் நிற்கும். விரல் வைத்து மேலே ஏற ஏற ஸ்வரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். தள்ளி வைத்தேன். கை நடுங்கியதா என்று நீ கேட்கலாம். இல்லை. வேலையில் எனக்குக் கை நடுங்காது.

"மேல போனா இழுக்குதுடா" என்றான், மறுநாள் வந்து வாசித்துப் பார்த்துவிட்டு.

"வெறும் கம்பியில பாரு, முள் சரியா நிக்குது. உன் விரல் சமமா அழுத்தல. அழுத்தம் கூடினா ஸ்ருதி ஏறும்."

கேட்டுக்கொண்டான். பழைய இன்பியோவாக இருந்தால் என்னைத் தள்ளிவிட்டு அவனே திருகைப் பார்த்திருப்பான். இவன் தன் கையைத்தான் பார்த்தான்.

இலையுதிர் காலத்தில் பூசான் போய் வாசித்துக் காட்டினான். பாதியிலேயே மான்சிக் ஆம்ப்ளிஃபையர் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "கிட்டார்ல ஏதோ இருக்கு, கொடு பார்ப்போம்" என்றானாம். உன் அண்ணன் கொடுக்கவில்லை. "தொக்சு பண்ணின கிட்டார்டா. அதுல பார்க்க என்ன இருக்கு?" என்றானாம். இதை அவனே என்னிடம் சொன்னான், நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே. நான் அவன் கிண்ணத்தில் என் முட்டையை எடுத்து வைத்தேன்.

குழுவில் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் கைப் பயிற்சிக்குப் போவதை விட்டான். விரலால் அழுத்திப் பழக டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தைப் பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டுவிட்டான். போகச் சொல்லி நீ சண்டை போட்டாய், எனக்குத் தெரியும். நான் சண்டை போடவில்லை. வருத்தப்படாதே, அதனால் என்ன என்றேன். செவ்வாய்தோறும் வந்தான். இப்போது வாசிப்பதில்லை, சும்மா உட்கார்ந்திருப்பான். அவன் கையை எடுத்து எண்ணெய் போட்டு நீவி விடுவேன். அவ்வளவு நிம்மதியாக நான் என்றைக்கும் இருந்ததில்லை.

ஆனால் குளிர்காலத்தில் என் மனசு கேட்கவில்லை. நான் ஒன்றும் அரக்கன் இல்லையே. திருகுகளைத் திரும்ப அதனதன் இடத்துக்குக் கொண்டுவந்து, மிகச் சுத்தமாக ஸ்ருதி சேர்த்து, அவன் மடியில் வைத்தேன். "ஒரு தடவை வாசிடா" என்று கெஞ்சினேன். வாசித்தான். இரண்டு விரல்தான் போய்ச் சேர்ந்தன. மற்றவை மடங்கியபடியே இருந்தன. கை சும்மா கிடந்து இறுகிவிட்டதாம், இனி திரும்பாதாம், டாக்டர் சொல்லிவிட்டார். நேற்று நீ மீட்டியது அந்தக் கிட்டாரைத்தான்.

போய் அண்ணனிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்கிறாய். எந்த உண்மையைச் சொல்வது? கிட்டாரில் குறை இல்லை, கையில்தான் குறை என்று அன்றைக்குச் சொன்னேன். இன்றைக்கு யார் வந்து பார்த்தாலும் அதையேதான் சொல்வார்கள். நான் பொய் சொல்லவில்லை, யோன்சுக். கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.